54-ஆவது பையனும் 56-ஆவது பையனும்: ஐஸ் ஹாக்கியில் ஒரு டிஃபென்ஸ்மேன் எப்படி உருவாகிறார்?

2025-ஆம் ஆண்டு டொராண்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இரண்டு டிஃபென்ஸ்மேன்களின், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர்களின், பெயர் ஏறியது. சாதனையாளர்களைக் கௌரவிக்கும் மண்டபம் அது. ஒருவர் ஸ்லோவாகியாவைச் சேர்ந்த ஜ்டெனோ சாரா. இன்னொருவர் கனடாவின் டங்கன் கீத். பதினெட்டு, பத்தொன்பது வயதில் இவர்களை எப்படி எடைபோட்டிருந்தார்கள் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 1996-இல் அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுத்தபோது, சாராவின் பெயர் வருவதற்கு முன் 55 பேர் போய்விட்டார்கள். 2002-இல் கீத்துக்கு முன்னால் 53 பேர். ஒருவர் அளவுக்கு மீறிய உயரம், இன்னொருவர் ஒல்லி.

அப்படியானால் தேர்வு செய்தவர்கள் ஏமாளிகளா? இல்லை என்பதுதான் என் கட்சி. டிஃபென்ஸ்மேன் என்கிற வேலையே அப்படிப்பட்டது. இருபத்தைந்து வயதில் அவருக்குச் சோறு போடப்போகும் திறமைகள் பதினெட்டு வயதில் வெளியே தெரிவதில்லை. இடைப்பட்ட அந்த ஆறேழு வருடங்களில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்காதவர்களும் தாராளமாகத் தொடரலாம்.

சரி, முதலில் ஆட்டம். நமக்குப் பழக்கமான ஹாக்கி புல்தரையில் நடப்பது. இது பனிக்கட்டித் தரையில். ரிங்க் எனப்படும் ஆடுகளம் வட அமெரிக்காவில் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிலும் பலகைச் சுவர். பந்து கிடையாது. கெட்டி ரப்பரில் செய்த ஒரு வட்டு, பெயர் பக். மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடை. கேரம் காய் ஒன்று நன்றாகத் தின்று கொழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: கோலைக் காக்கும் கோலி ஒருவர், டிஃபென்ஸ்மேன் இருவர், தாக்கி ஆடும் ஃபார்வர்டு மூவர். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. முழு வேகத்தில் சறுக்கினால் யாருக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காது. அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கூட்டம் பெஞ்சுக்குத் திரும்பும், அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். அந்த முக்கால் நிமிடத்துக்கு ஷிஃப்ட் என்று பெயர்.

பொதுவாக ஒரு அணி ஓர் ஆட்டத்துக்கு ஆறு டிஃபென்ஸ்மேன்களை இறக்கும். மூன்று ஜோடிகள். முதல் ஜோடியில் இருப்பவர் அறுபது நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடம்வரை ஆடுவார். மூன்றாம் ஜோடிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். புதுப் பையன்கள் இந்த மூன்றாம் ஜோடியில்தான் தொடங்குவார்கள்.

பின்னால் போகிற வேலை

ஃபார்வர்டுக்கும் டிஃபென்ஸ்மேனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன்: ஃபார்வர்டு முன்னால் பாய்கிறவர், டிஃபென்ஸ்மேன் அவர் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் போகிறவர். கத்திபோன்ற ஸ்கேட்டைக் காலில் மாட்டிக்கொண்டு, முன்னோக்கிப் பாய்ந்து வரும் ஒருவனுக்கு ஈடுகொடுத்துப் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். நடுவில் அவன் இடமோ வலமோ திரும்பினால், நொடியில் இடுப்பை முறுக்கி முன்பக்கமாகத் திரும்பித் துரத்தவும் வேண்டும்.

இதில் உயிர்நாடி இருவருக்கும் இடையே உள்ள தூரம். இதை ‘கேப்’ என்பார்கள். ரொம்ப நெருங்கினால் எதிராளி ஒரு போக்குக் காட்டிவிட்டுப் பக்கவாட்டில் கடந்துபோவான். ரொம்ப விலகினால் ஆற அமரக் குறிபார்த்து அடிப்பான். ஸ்டிக்கை நீட்டினால் பக் தட்டுப்படும் தூரத்தில் அவனை வைத்துக்கொண்டே, அவனை நடுக்களத்திலிருந்து சுவர்ப் பக்கமாக ஓரங்கட்ட வேண்டும். ஓரத்திலிருந்து அடித்தால் கோலிக்குப் பிடிப்பது எளிது. பயிற்சியாளர்கள் அலுக்காமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: பக்கைப் பார்க்காதே, அவன் நெஞ்சைப் பார். பக் ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது.

இரண்டாவது வேலை இதைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரணி பக்கை உங்கள் கோலுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் பின்னாலேயே விரட்டி வரும். டிஃபென்ஸ்மேன் முதுகைக் காட்டிக்கொண்டு போய் அதை எடுக்க வேண்டும். போகும்போதே தோளுக்கு மேலாக ஒரு பார்வை, யார் வருகிறான், எந்தப் பக்கம் காலி என்று. பக்கைத் தொட்ட அடுத்த நொடி அதைச் சரியான ஆளுக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் தொண்ணூறு, நூறு கிலோ ஆள் ஒருவன் வந்து சுவரோடு சேர்த்து நசுக்குவான். அது விதிப்படி சரிதான், அந்த ஆட்டத்தில் உடம்பால் இடிப்பது குற்றமில்லை. இந்த முதல் பாஸ் ஒழுங்காகப் போனால் அணி தாக்குதலுக்குக் கிளம்பிவிடும். தப்பினால் எதிராளி கோலுக்கு முன்னால் தனியாக நிற்பான்.

இங்கேதான் வயதுப் பிரச்சினை வருகிறது. ஃபார்வர்டு பக்கை இழந்தால் அவருக்குப் பின்னால் காப்பாற்ற ஆட்கள் இருக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் இழந்தால் பின்னால் இருப்பது கோலி மட்டும். வேகமும் துணிச்சலும் உள்ள பதினெட்டு வயது ஃபார்வர்டு பத்துத் தப்பு செய்து ஒரு கோல் அடித்தால் கொண்டாடுவார்கள். டிஃபென்ஸ்மேன் பத்து ஷிஃப்ட் ஒழுங்காக ஆடி ஒன்றில் தவறினால், அந்த ஒன்றுதான் மறுநாள் வீடியோ கூட்டத்தில் ஓடும். எது எப்போது வரும் என்று மோப்பம் பிடிக்கிற புத்தி நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடித்தான் வரும். உடம்பும் பெரிய ஆட்களோடு மோதுகிற அளவுக்குத் தேறியிருக்க வேண்டும்.

டிராஃப்ட் என்றால் என்ன?

உலகின் பெரிய லீக் நேஷனல் ஹாக்கி லீக், சுருக்கமாக என்.எச்.எல். அமெரிக்காவிலும் கனடாவிலுமாக இன்று 32 அணிகள். வருடத்துக்கு ஒருமுறை இவை வரிசையாக இளைஞர்களின் பெயரைச் சொல்லி உரிமை பிடிக்கும். ஏலம் இல்லை; பணம் பேசுவதில்லை. முந்தைய வருடம் மோசமாக ஆடிய அணிகளுக்கு வரிசையில் முன்னுரிமை. இதுதான் டிராஃப்ட். இப்போது ஏழு சுற்றுகள். செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைகிறவர்கள் தகுதி பெறுவார்கள்.

புதியவர்கள் பலர் குழம்புவது இங்கேதான். டிராஃப்டில் பெயர் வந்தால் மறுநாளே வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. ‘இவன் கையெழுத்துப் போட்டால் எங்களிடம்தான் போட வேண்டும்’ என்கிற பாத்தியதை மட்டும்தான் அணிக்குக் கிடைக்கிறது. பையன் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் ஆடிக்கொண்டிருப்பான்.

அந்தப் பழைய இடங்கள் முக்கியமாக மூன்று. கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகள் ஒன்று: பதினாறு முதல் இருபது வயதுவரை உள்ள பையன்கள், வீட்டை விட்டு வேறு ஊரில் யாரோ ஒரு குடும்பத்தோடு தங்கி, நாள்கணக்கில் பஸ்ஸில் பயணம் செய்து ஆடுவார்கள். அமெரிக்கக் கல்லூரி அணிகள் இரண்டாவது: ஆட்டம் குறைவு, உடற்பயிற்சிக் கூடத்தில் நேரம் அதிகம். ஐரோப்பாக்காரர்களுக்கு அவரவர் நாட்டு லீக். இவற்றுக்கும் என்.எச்.எல்.லுக்கும் நடுவே ஒரு படி உண்டு. அமெரிக்கன் ஹாக்கி லீக், அதாவது ஏ.எச்.எல். ஒவ்வொரு பெரிய அணியும் அங்கே ஓர் அணியைத் தன் நாற்றங்காலாக வைத்திருக்கிறது. நாற்று அங்கே வளர்ந்து தேறியதும் பிடுங்கி மேலே நடுவார்கள்.

கூடைப்பந்து ஆடப் போ என்றார்கள்

சாரா பிறந்தது 1977-இல், அன்றைய செக்கோஸ்லோவாகியாவின் டிரென்சீன் நகரில். அப்பா மல்யுத்த வீரர், 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் நாட்டுக்காகப் போட்டியிட்டவர். பையன் வளர்ந்தான், வளர்ந்தான், வளர்ந்துகொண்டே போனான். கடைசியில் நின்றது ஆறடி ஒன்பது அங்குலத்தில். ஊர்ப் பயிற்சியாளர்கள் நீ கூடைப்பந்து ஆடப் போ என்று சொன்னதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேலி மட்டுமல்ல, அதில் நியாயமும் உண்டு. அவ்வளவு நீளமான காலை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்புவது கடினம். ஸ்டிக் எட்டுகிற தூரம் அதிகம்தான், ஆனால் எதிராளி உள்பக்கமாக வெட்டித் திரும்பினால் அந்த உடம்பு பஸ்ஸைத் திருப்புகிற மாதிரி மெதுவாகத்தான் திரும்பும்.

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 1996-இல் மூன்றாம் சுற்றில் அவரை எடுத்தது. அந்த டிராஃப்டின் முதல் ஆளும் ஒரு டிஃபென்ஸ்மேன்தான், ஆட்டவா அணி எடுத்த கிறிஸ் பிலிப்ஸ். அந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடனே சாரா கனடாவின் மேற்கே, பிரின்ஸ் ஜார்ஜ் என்கிற வடக்கத்தி ஊரில் ஜூனியர் ஹாக்கி ஆடப் போனார். அந்த லீக்கில் அப்போது ஓர் அணிக்கு வெளிநாட்டுப் பையன்கள் இரண்டு பேர்தான். பாஷை புதிது, குளிர் பழக்கமானது. சிறிய ரிங்கில் மோதல் அதிகமான வட அமெரிக்க ஆட்டம் அங்கேதான் அவருக்கு அறிமுகம். அடுத்த வருடம் கென்டக்கியில் ஏ.எச்.எல். அணி, அந்த சீசனிலேயே மேலே 25 ஆட்டங்கள்.

அப்புறம் வந்ததுதான் சோதனை. ஐலண்டர்ஸ் அப்போது பரிதாபமான அணி. சாரா இருந்த நான்கு சீசன்களில் ஒருமுறைகூடப் பிளே ஆஃப் சுற்றை எட்டவில்லை. 231 ஆட்டங்களில் அவர் அடித்தது 6 கோல். பிளஸ் மைனஸ் என்று ஒரு கணக்கு உண்டு. நீங்கள் களத்தில் இருக்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் ஒன்று கூட்டுவார்கள், வாங்கினால் ஒன்று கழிப்பார்கள். ஓர் அணியில் ஒருவர் தண்டனையாக வெளியே அமர்த்தப்படும்போது, மற்ற அணிக்கு ஆள்பலம் கூடிய அந்த நிமிடங்களை பவர் பிளே என்பார்கள்; அதில் விழும் கோலுக்குக் கணக்கில்லை. 2000-01 சீசனில் சாராவின் கணக்கு மைனஸ் 27. பேப்பரில் அதை மட்டும் பார்த்த எவரும் ‘ஆள் தேறமாட்டான்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணக்கின் கோளாறும் இதுதான்: மோசமான அணியில் ஒருவர் நல்லபடியாக ஆடக் கற்றுக்கொண்டிருப்பது அதில் தெரியாது.

2001 ஜூனில் ஐலண்டர்ஸ் அவரை ஆட்டவாவுக்குக் கொடுத்துவிட்டது. அலெக்சேய் யாஷின் என்கிற நட்சத்திர ஃபார்வர்டை வாங்குவதற்காக, சாராவோடு பில் மக்கால்ட் என்ற ஆட்டக்காரரையும் அந்த வருட டிராஃப்டின் இரண்டாவது தேர்வு உரிமையையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த உரிமையில் ஆட்டவா எடுத்த பையன் ஜேசன் ஸ்பெஸ்ஸா, அவரும் பின்னால் பெரிய பெயர். ஹாக்கி வரலாற்றில் படுமோசமான பேரங்களின் பட்டியலை யார் போட்டாலும் இது தவறாமல் இருக்கும்.

ஆட்டவாவில் சாராவுக்கு 24 வயது. நல்ல அணி, சுற்றிலும் நல்ல ஆட்டக்காரர்கள், கிறிஸ் பிலிப்ஸும் அங்கேயே. முதல் சீசனிலேயே 10 கோல், நான்கு வருடத்தில் அடித்ததைவிட அதிகம். பிளஸ் மைனஸ் கணக்கு, மைனஸ் 27 என்கிற பள்ளத்திலிருந்து பிளஸ் 30-க்கு ஏறியது. பவர் பிளேயிலும் அவருடைய பீரங்கி அடி பயன்பட்டது. ஆள் ஒரே கோடையில் மாறிவிடவில்லை. ஐலண்டர்ஸின் தோல்விகளுக்கு நடுவே கற்றது ஆட்டவாவில் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். 2006-இல் பாஸ்டன் அணிக்குக் கேப்டனாகப் போய், 2009-இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பை, 2011-இல் என்.எச்.எல். சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பை, கடைசியில் டிஃபென்ஸ்மேன்களிலேயே மிக அதிகமாக 1,680 ஆட்டங்கள் என்று அது நீண்ட கதை.

நார்ஃபோக்கில் இரண்டு வருடம்

கீத்தின் பிரச்சினை நேர்மாறு. 1983-இல் வின்னிபெக்கில் பிறந்தவர். அபாரமாகச் சறுக்குவார், ஆனால் உடம்பில் சதை இல்லை. அந்தக் காலத்து என்.எச்.எல்.லில் டிஃபென்ஸ்மேன் என்றால் மலைபோல இருக்க வேண்டும் என்கிற எண்ணம் வலுவாக இருந்தது. எதிராளியின் இடுப்பில் ஸ்டிக்கைக் கொக்கிபோல மாட்டி இழுத்தாலும் நடுவர்கள் பாதி நேரம் கண்டுகொள்ளமாட்டார்கள். சறுக்கத் தெரிந்தவனைவிட இழுத்துப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு மவுசு. 2002-இல் சிகாகோ அணி முதல் சுற்றில் எடுத்ததும் அன்டன் பாப்சுக் என்கிற வேறொரு டிஃபென்ஸ்மேனைத்தான். கீத் அடுத்த சுற்றில் வந்தார்.

அப்போது அவர் மிச்சிகன் ஸ்டேட் கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தார். 2002-03 சீசன் பாதியிலேயே கல்லூரியை விட்டுவிட்டு, கனடாவின் கெலோனா ஜூனியர் அணிக்குத் தாவினார். இதன் கனம் இன்றைய ரசிகருக்குப் புரியாமல் போகலாம். அன்றைய விதிப்படி அந்த ஜூனியர் லீக்கில் ஆடிவிட்டால் திரும்பக் கல்லூரி ஹாக்கிக்கு வர முடியாது. 2025-இல்தான் அந்தக் கதவு திறந்தது. அதனால் கீத் எடுத்தது ஒருவழிப் பாதை. நிறைய ஆட்டங்கள், நிறைய நிமிடங்கள் வேண்டும் என்பவருக்கு அது சரியான முடிவுதான். கெலோனாவில் ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல் பாயிண்ட் எடுத்தார். கோல் அடித்தாலும் ஒரு பாயிண்ட், கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு பாயிண்ட்.

பிறகு வர்ஜீனியாவின் நார்ஃபோக், சிகாகோவின் ஏ.எச்.எல். நாற்றங்கால். முழுசாக இரண்டு சீசன்கள், 150-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். மேலே ஓர் ஆட்டம்கூட இல்லை. அங்கே பயிற்சியாளர் டிரென்ட் யானி, தானே டிஃபென்ஸ்மேனாக ஆடியவர். இதில் இரண்டாவது சீசன் விசேஷமானது. 2004-05-இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றி, என்.எச்.எல். கதவை இழுத்து மூடி முழு சீசனையும் ரத்து செய்தது. மேலே ஆடியிருக்க வேண்டிய இளைஞர்கள் பலர் ஏ.எச்.எல்.லுக்கு இறங்கி வந்தார்கள். அந்த வருடம் ஏ.எச்.எல். வழக்கத்தைவிடப் பலமான லீக்.

2005-இல் என்.எச்.எல். திரும்பியபோது விதிகள் மாறியிருந்தன. இழுத்துப் பிடித்தால் இனி தண்டனை நிச்சயம். அதோடு, தன் கோல் பக்கத்து நீலக் கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு நடுக்கோட்டைத் தாண்டி நீளமாகப் பாஸ் கொடுக்கக் கூடாது என்றிருந்த தடையும் எடுக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பிடிக்க முடியாது, ஆகவே சறுக்கித்தான் தடுக்க வேண்டும், நீளப் பாஸுக்கு வழி உண்டு, ஆகவே பாஸ் தெரிந்த டிஃபென்ஸ்மேனுக்குக் கிராக்கி. கீத்துக்கென்றே தைத்த சட்டை மாதிரி. போதாக்குறைக்கு, நார்ஃபோக் பயிற்சியாளர் யானியே சிகாகோவின் தலைமைப் பயிற்சியாளர் ஆகியிருந்தார். இது அதிர்ஷ்டம் இல்லையா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். ஆனால் கதவு திறந்தபோது வாசலில் நின்றது 150 ஆட்டம் ஆடித் தேறிய ஆள்.

சிகாகோவும் அப்போது மோசமான அணி. அதனால் தப்பு செய்யவும் இடம் இருந்தது. முதல் சீசனிலேயே 81 ஆட்டங்கள். பிரென்ட் சீப்ரூக் என்கிற இன்னொரு புதுப் பையனும் அதே வருடம் வந்தார்; இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். டிஃபென்ஸ்மேன்களுக்கு ஜோடி என்பது கிட்டத்தட்டக் கல்யாணம் மாதிரி. ஒருவர் முன்னேறினால் மற்றவர் சொல்லாமலே பின்தங்கி நிற்க வேண்டும். இவர்கள் 2010, 2013, 2015 என்று மூன்று ஸ்டான்லி கோப்பைகள் பார்த்தார்கள். 2010 அரையிறுதி ஒன்றில் பக் முகத்தில் பட்டு கீத்துக்கு ஏழு பற்கள் போயின. அதே ஆட்டத்தில் திரும்ப வந்து ஆடினார். அந்த வருடம் நோரிஸ் கோப்பையும் அவருக்கே, 2014-இல் மறுபடியும்.

எல்லோரும் இப்படித்தானா?

இல்லை. பாபி ஓர் 1966-இல் பதினெட்டு வயதில் பாஸ்டனுக்கு வந்தார், முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம், அதன் பிறகு எட்டு நோரிஸ் கோப்பைகள் தொடர்ச்சியாக. முழங்கால்கள் ஒத்துழைக்காமல் முப்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். அவரை வைத்து எந்தப் பொது விதியும் எழுத முடியாது. நம் காலத்தில் கேல் மக்கார்: 2019 ஏப்ரலில் கொலராடோவுக்காகப் பிளே ஆஃபில் முதல் ஆட்டம், அதிலேயே கோல். நேரே வானத்திலிருந்து குதித்த மாதிரி இருந்தது. ஆனால் 2017-இல் நான்காவது ஆளாகத் தேர்வான அவர், உடனே வராமல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆடிவிட்டுத்தான் வந்தார் என்பதை அந்த இரவு யாரும் பேசவில்லை.

சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. 21 வயதுக்குள் கையெழுத்திடுகிறவருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். எவ்வளவு திறமைசாலியானாலும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. பெரும்பாலும் மேலே ஆடினால் ஒரு தொகை, ஏ.எச்.எல்.லில் ஆடினால் அதில் சிறு பங்கு. ஆகவே ‘கீழே போ’ என்று பயிற்சியாளர் சொல்வது மானப் பிரச்சினை மட்டுமல்ல, வயிற்றுப் பிரச்சினையும்கூட.

இனி ஏதாவது ஓர் ஆட்டத்தில் இருபது, இருபத்தொரு வயது டிஃபென்ஸ்மேன் ஒருவர் புதிதாக இறங்கினால், கோல் அடிக்கிறாரா என்று பார்க்காதீர்கள். பக்கை எடுக்கப் பின்னால் போகும்போது தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்கிறாரா என்று பாருங்கள். பக்கத்தில் ஜோடியாக நிற்பவர் முப்பது வயது தாண்டிய பழம் தின்று கொட்டை போட்ட ஆளா என்று கவனியுங்கள். அப்படியானால் பயிற்சியாளர் இவரை வளர்க்க நினைக்கிறார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, அணி ஒரே கோல் முன்னிலையில் இருந்தால், பயிற்சியாளர் பெஞ்சில் யார் தோளைத் தட்டி உள்ளே அனுப்புகிறார் என்று பாருங்கள். அநேகமாக அது இந்தப் பையனாக இருக்காது. அடுத்த வருடம் மறுபடி பாருங்கள்.